சுரைக்குடுக்கைத் தாளமும் சனிக்கிழமைச் சந்தையும்



மகள் பிரசவத்துக்காக 2024 ஜனவரியில் ஹவாய் தீவுக்குப் போய், ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே மலை மேல் இருக்கும் வானாய்வுக்கூடத்தில் வேலை. ஹவாய் என்றதும் தெருவில் எல்லோரும், "உங்களுக்கென்ன, கடற்கரையில் ஜாலி" என்றார்கள். அவர்கள் இருக்கும் ஹீலோ என்ற ஊரில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை. போன முதல் வாரம் ஒரு துணி காயவில்லை. ஜாலி எங்கிருந்து வரும்?

அது போகட்டும். நான் எழுத வந்தது எனக்கும் என் மகளுக்கும் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. அந்தச் சண்டையால்தான் அந்த ஊர்த் திருவிழாவையும் சந்தையையும் ஒழுங்காகப் பார்த்தேன்.

மூத்த பேத்திக்கு ஏழு வயது. போன இரண்டாம் நாளே, "அம்மாச்சி, நான் ஆடறேன் பாரு" என்று கூடத்தில் நின்று இடுப்பை அசைத்து, கையை அலை மாதிரி நீட்டி ஆடினாள். ஹூலாவாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சின்ன வயதில் மூன்று வருஷம் பரதநாட்டியம் கற்றவள். அரங்கேற்றம் வரை போகவில்லை என்ற ஏக்கம் இன்னும் உண்டு. "ஏண்டி, பரதநாட்டியம் சொல்லித்தர ஆள் இல்லேன்னா பிள்ளை சும்மா இருக்கட்டுமே. இலைப் பாவாடை கட்டிக்கிட்டு ஓட்டல்ல ஆடறதையா போய்ப் படிக்க வைப்பே?" என்று கேட்டுவிட்டேன். நிறைமாதக்காரி, வெடுக்கென்று திரும்பினாள். "சினிமாவிலே பார்த்ததை வச்சுத்தானேம்மா பேசறே? நம்ம ஊர்ல சதிருன்னு சொல்லி மூஞ்சைச் சுளிச்சாங்களே, அந்த ஆட்டத்துக்குத்தானே அப்புறம் பரதநாட்டியம்னு பேர் வச்சுத் தலையிலே தூக்கி வச்சுக்கிட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மாப்பிள்ளைதான் சமாதானத் தூதுவர். "அத்தை, சந்தைக்குப் போகலாம் வாங்க" என்று அழைத்துப் போனார். கடலைப் பார்த்தாற்போல இருக்கும் கமேஹமேஹா அவென்யூவும் மாமோ தெருவும் சந்திக்கிற மூலை. 1988ல் நாலைந்து விவசாயிகள் வண்டியில் வைத்து விற்று ஆரம்பித்த சந்தை இது. புதனும் சனியும் பெரிய சந்தை. விடிந்ததும் போனால் நல்ல சரக்கு.

சகோதரிகளே, அந்தச் சந்தையில் நுழைந்ததும் நான் மூக்கின் மேல் விரல் வைத்தேன். முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக! பாகற்காய், காராமணி, வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு. விற்கிற பாட்டியம்மா பிலிப்பைன்ஸ்காரர். முருங்கைக்கு அவர் சொன்ன பெயர் என் காதில் "மருங்கை" என்றே விழுந்தது. 1906லிருந்து கரும்புத் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்தவர்களின் வம்சம் இவர்கள். நம்மவர்கள் சிலோனுக்கும் மலேயாவுக்கும் போன கதைதான், திசை மட்டும் வேறு. இந்தத் தீவின் கடைசிக் கரும்பு ஆலை 1996ல் மூடிவிட்டது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக் கொல்லையில் போட்ட கீரையும் காயும் மட்டும் இன்னும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது.

பழங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நான் போன ஜனவரியில் ரம்புட்டான் குவிந்து கிடந்தது. கிளம்பின ஜூனில் லிச்சி. பப்பாளி வருஷம் முழுக்க. அங்கே "ஆப்பிள் வாழை" என்று ஒன்று உண்டு, குட்டையாக, லேசான புளிப்போடு. நம்ம பூவன் பழத்தின் அக்கா தங்கை போல இருந்தது. சீமைப்பலாவை, கறிப்பலா என்றும் சொல்வோமே, அதை "உலு" என்கிறார்கள். அங்கே சுட்டும் அவித்தும் சாப்பிடுகிறார்கள். நான் தோல் சீவி, துண்டு போட்டு, மிளகாய்த்தூள் உப்பு பிசறி, கடுகு தாளித்து வறுத்தேன். மாப்பிள்ளை உருளைக்கிழங்கு வறுவல் என்றே நினைத்துச் சாப்பிட்டார். கறிவேப்பிலைதான் இல்லை. ஊரிலிருந்து கொண்டு போகலாம் என்று யாரும் முயல வேண்டாம். அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு வரும் நோய்க்காக அந்தத் தடை.

விலை? கேட்காதீர்கள். அந்தத் தீவுகள் தின்கிற சாப்பாட்டில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. பெரிய கடையில் பால், வெங்காயம் எல்லாம் தலை சுற்றும் விலை. அதனால்தான் உள்ளூரில் விளைவதை வாங்க இந்தச் சந்தைக்கு இவ்வளவு கூட்டம்.

பூக்கடைப் பக்கம் போனதும்தான் எனக்குக் கோபமே ஆறியது. மல்லிகை! குண்டு மல்லியேதான். அதற்கு அங்கே "பீக்காக்கே" என்று பெயர். ஆங்கிலத்தில் மயிலுக்குச் சொல்வதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். கயுலானி என்ற இளவரசிக்கு மயிலும் பிடிக்கும், மல்லிகையும் பிடிக்கும். அதனால் பூவுக்கே மயிலின் பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் என்ன மாலை தெரியுமா? எருக்கம்பூ! நாம் பிள்ளையாருக்குப் போடுவோமே, அதேதான். அந்த நாட்டின் கடைசி ராணி லிலியுவோகலானிக்கு மிகவும் பிடித்த பூவாம். 1893ல் அமெரிக்க வியாபாரிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து அந்த அம்மாளைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். 1895ல் அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் அடைத்து வைத்தார்கள். அங்கேயும் அவர் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். உலகமெல்லாம் தெரிந்த "அலோஹா ஓய்" பாட்டு அவர் 1878ல் இயற்றியது.

அவர்கள் மாலையை நீள ஊசியில் கோக்கிறார்கள். நம்மைப் போல நாரில் தொடுப்பது அந்தக் கடைக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. நான் ஒரு வாழைநாரை எடுத்து, இரண்டு விரலில் பூவைப் பிடித்து, ஒரு முழம் தொடுத்துக் காட்டினேன். "மறுபடி, மெதுவாக" என்று சைகை காட்டினார். மூன்றாவது தடவை அவருக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பூ வாங்கக் காசில்லை. நான் போனதும் நார் நறுக்கித் தயாராக வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் மேஜையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் கூழ். சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் கரைத்தது, "போய்" என்கிறார்கள். இரண்டு நாள் வைத்தால் புளித்துவிடும், நம்ம பழைய சோறு போல. அந்த ஊர் ஆட்கள் சேம்பை மனிதனுக்கு அண்ணன் என்கிறார்கள். முதல் பிள்ளை இறந்து பிறந்து, புதைத்த இடத்தில் சேம்பு முளைத்ததாம். இரண்டாவது பிள்ளைதான் மனுஷன். அதனால் போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் யாரும் சண்டை போடக்கூடாது என்பது வழக்கம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூழ் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத பசை போல இருந்தது. சேப்பங்கிழங்கு என்றால் புளி ஊற்றிக் குழம்பு வைக்க வேண்டும், அதுதான் நாக்கும் அரிக்காது.

பிப்ரவரியில் பேரன் பிறந்தான். பத்திய சமையலும் முருங்கைக்கீரையும் குளிப்பாட்டலுமாக இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. ஏப்ரலில் ஊரே பரபரப்பானது. மெர்ரி மோனார்க் திருவிழா. ஈஸ்டர் ஞாயிறு தொடங்கி ஒரு வாரம். 2024ல் நடந்தது 61வது.

மெர்ரி மோனார்க் என்றால் உல்லாச ராஜா. 1874 முதல் 1891 வரை ஆண்ட கலாக்காவுவா ராஜாவின் பட்டப்பெயர். நான் முன்னே சொன்ன ராணிக்கு அண்ணன். 1881ல் உலகத்தையே சுற்றி வந்த ராஜா. நம் இந்தியாவையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்னால், 1830ல், கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய காஹுமானு என்ற ராணி பொது இடத்தில் ஹூலா ஆடக்கூடாது என்று தடை போட்டார். ஆட்டம் ஒளிந்து மறைந்து வாழ்ந்தது. கலாக்காவுவா 1883ல் தன் முடிசூட்டு விழாவில் அதை எல்லோர் முன்னாலும் ஆடவைத்தார். என் மகள் சதிரைச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தத் திருவிழா பிறந்த கதை என்னை வேறு மாதிரி உலுக்கியது. நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26 காலையை எழுதத் தேவையில்லை. எங்கள் ஊர் வாசகிகளுக்குத் தெரியும். ஹீலோவில் 1960 மே 23, இரவு ஒரு மணி சுமாருக்குச் சுனாமி வந்தது. சிலி நாட்டு நிலநடுக்கத்தால் வந்த அலை. 61 பேர் போனார்கள். ஒரு மணி நாலு நிமிஷத்தில் நின்றுபோன கடிகாரத்தைச் சாலையோரத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் திரும்ப வீடு கட்டாமல் பெரிய பகுதியைப் புல்வெளியாக விட்டுவிட்டார்கள். ஊரில் வியாபாரம் படுத்துவிட்டது. வெளியூர் ஆட்களை வரவழைக்க 1963ல் யோசித்து, அடுத்த வருஷம் முதல் திருவிழாவை நடத்தினார்கள். யோசித்தவர் அந்தத் தீவின் நிர்வாகத் தலைவராக இருந்த ஹெலன் ஹேல் என்ற பெண்மணி. ஆரம்பத்தில் ராஜா மாதிரி தாடி வைத்தவர்களுக்குப் போட்டி, ஓட்டப் பந்தயம் என்று வேடிக்கையாகத்தான் நடந்திருக்கிறது.

அப்புறம் டாட்டி தாம்ப்சன் என்ற அம்மாள் பொறுப்பெடுத்தார். ஜார்ஜ் நாஓப்பே என்ற ஹூலா ஆசிரியரோடு சேர்ந்து 1971ல் பெண்களுக்கு ஹூலா போட்டி வைத்தார். 1976ல் ஆண்களும் சேர்ந்தார்கள். முதல் வருஷம் தனி ஆட்டத்தில் ஜெயித்த அலோஹா டலிரே என்ற பெண்ணின் மூன்று மகள்களும் பின்னாளில் அதே பட்டத்தை வாங்கினார்கள். ஒரு வீட்டில் நாலு பேர்! அரங்கத்துக்கும் ஒரு பெண்ணின் பெயர்தான், ஈடித் கனகாஓலே. பெரிய ஹூலா ஆசிரியை, 1979ல் காலமானவர். 2023ல் அமெரிக்க அரசாங்கம் கால் டாலர் காசில் அவர் முகத்தைப் போட்டது. மாப்பிள்ளை எனக்கு ஒரு காசு கொடுத்தார். பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

அரங்கத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். ஊரே அப்படித்தான் பார்க்கிறது. வியாழன் தனி ஆட்டம், வெள்ளி பழைய பாணி, சனி புதுப் பாணி. பழைய பாணிக்குக் கஹிக்கோ என்று பெயர். வாத்தியமெல்லாம் கிடையாது. ஆசிரியர் ஒரு சுரைக்குடுக்கையைத் தரையில் தட்டி, கையால் அறைந்து, கணீரென்று மந்திரம் போல ஓதுகிறார். நாற்பது பெண்கள் ஒரே கால்போல அடி வைக்கிறார்கள். நான் நினைத்த இடுப்பாட்டம் எங்கே? அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்து, தொடை நடுங்க நிற்கும் ஆட்டம் அது. கை சொல்லும் இடத்துக்குக் கண் போகிறது. மழை என்றால் விரல் மழையாகிறது, மலை என்றால் மலை. நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே? வெள்ளிக்கிழமை ராத்திரி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பிள்ளை.

புதுப் பாணி அவுவானாவில் உக்குலேலே, கிடார் எல்லாம் வரும். உக்குலேலே அவர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சின்னக் கருவியிலிருந்து வந்ததாம். பழைய சினிமாப் பாட்டில் வழுக்கிக்கொண்டு போகும் ஹவாயன் கிடார் இருக்கிறதே, அதுதான் அவர்களுடைய சொந்தச் சரக்கு. ஜோசப் கெகுக்கு என்ற பையன் இரும்புத் துண்டைத் தந்தியில் தேய்த்து வாசித்துத் தொடங்கிவைத்தான். எங்க அப்பா கேட்கும் கோட்டுவாத்தியம் ஞாபகம் வந்தது எனக்கு.

சனிக்கிழமை, ஏப்ரல் 6. காலையில் சந்தை, பத்தரை மணிக்கு ஊர்வலம். பேத்தியின் ஹூலா பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலத்தில் நடக்க வேண்டும். தலைமாலையை அவரவரே செய்ய வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். காட்டில் இலை பறிக்கும்போதுகூட மரத்திடம் கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டுமாம். ஓஹியா மரத்தின் சிவப்புப் பூதான் ஹூலாவுக்கு உயிர். ஆனால் 2014ல் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோயால் அந்த மரங்கள் லட்சக்கணக்கில் செத்துவிட்டன. நோய் பரவக்கூடாது என்று ஆடுகிறவர்கள் அந்தப் பூவைப் பறிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இவள் பெரணி இலையும் ஆர்க்கிட் பூவும் வைத்துச் சுற்றியிருந்தாள்.

சந்தை வாசலில் நிற்கும்போது மாலை அவிழ்ந்து தொங்கிவிட்டது. மணி ஒன்பதரை தாண்டியிருக்கும். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகள் கையில் கைக்குழந்தை. நான் பேத்தியை இழுத்துக்கொண்டு பூக்காரம்மா கடைக்கு ஓடினேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாரை நீட்டினார். "நான்தான் செய்யணும் அம்மாச்சி, சட்டம்" என்று அழுகையிலும் சொல்கிறாள். சரி, நீயே கட்டு என்று அவள் விரலைப் பிடித்து, இலை வை, பூ வை, நாரைச் சுற்று, முடிச்சை இழு என்று சொல்லச் சொல்ல அவளே கட்டினாள். என் பாட்டி எனக்குச் சொன்ன மாதிரியே அதட்டிச் சொன்னேன். வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. முடிக்கும்போது பத்தேகால்.

அவள் ஆசிரியையை அவர்கள் "குமு" என்கிறார்கள். கண்டிப்பான அம்மாள். வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் மாலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். இவளிடம் வந்ததும் மாலையை ஒரு இழு இழுத்தார். அசையவில்லை. முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். "யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். பேத்தி என்னைக் கை காட்டினாள். அவர் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அவ்வளவுதான். எனக்கு அரங்கேற்றம் முடிந்த மாதிரி இருந்தது.

ஊர்வலத்தில் பிள்ளைகள் ஹவாய் மொழியில் பாடிக்கொண்டே போனார்கள். 1896ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்து, அந்த மொழி வீடுகளிலிருந்தே போய்விடும் நிலைக்கு வந்தது. 1978ல்தான் ஆட்சிமொழி ஆனது. 1984ல் ஒரு சின்னப் பள்ளியை ஆரம்பித்து, பாட்டி தாத்தாக்களை உட்காரவைத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு அந்த மொழியிலேயே பேசவைத்திருக்கிறார்கள். "மொழிக்கூடு" என்று அதற்குப் பெயர். என் பேத்தி அந்த மொழியில் நாலு பாட்டுப் பாடுகிறாள். தமிழில் "சாப்பிட்டியா" என்றால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அன்று இரவு இதை மகளிடம் சொன்னேன், சண்டையாக இல்லை. அவளும் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து தூங்கப் போகுமுன் கதை சொல்வது என் வேலை என்று ஆனது. தமிழில் மட்டும்.

அங்கே போகிற சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஊர்வலம் பார்க்கக் காசு இல்லை. அந்த வாரம் நடக்கும் கைவினைக் கண்காட்சிக்கும் இல்லை. தாழை ஓலையில் முடைந்த பாய், விசிறி எல்லாம் பார்க்கலாம். தொட்டுப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டு நான் மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன். குடை இல்லாமல் வெளியே கிளம்ப வேண்டாம். சந்தைப் பழங்களை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் சோதனை உண்டு, அன்னாசியும் தேங்காயும் தவிர அநேகமாக எதையும் விடமாட்டார்கள்.

நான் கிளம்புகிற வாரம் பூக்காரம்மா கடையில் நாரில் தொடுத்த பீக்காக்கே சரம் தொங்கிக்கொண்டிருந்தது. முழம் போட்டு விற்கிறார். நம்ம முழம் இல்லை, அவர் கை முழம், கொஞ்சம் சின்னது.

பேத்திக்குப் பரதநாட்டியமும் சொல்லிக்கொடுக்கலாமே என்று போன வாரம் தொலைபேசியில் ஆரம்பித்தேன். மகள், "போய்க் கிண்ணத்தைத் திறந்து வச்சிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

— ஒரு வாசகி, நாகப்பட்டினம்